சேனல் லோகோவை மாற்றும்போது எதில் கை வைக்கக் கூடாது?

கேள்வி இதுதான்: "இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக டிவி சேனல்களின் லோகோக்களைப் புதிதாக வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். வரைந்தவை தனியாகப் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நண்பர்களிடம் காட்டினால் 'இது எந்தச் சேனல்?' என்று கேட்கிறார்கள். ஒரு சேனல் லோகோவை அடையாளம் காட்டுவது எது? எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?"

உங்கள் நண்பர்கள் கேட்டதுதான் சரியான பரீட்சை. ரிசல்ட்டும் வந்துவிட்டது. எங்கே மார்க் போனது என்று பார்ப்போம்.

நாள்பட்ட சேனல் லோகோ எதை எடுத்துக்கொண்டாலும், பார்க்கிறவர்களின் மனம் அதில் பற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு அம்சத்தைத்தான். அது வடிவமாக இருக்கலாம், நிறமாக இருக்கலாம், அசைவாகவோ இசையாகவோகூட இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து அப்படியே விட்டுவிட்டால், மிச்சத்தைத் தாராளமாகக் கலைத்துப் போடலாம். அது கைவிட்டுப் போனால், மற்றதெல்லாம் இருந்தும் "எந்தச் சேனல்?" என்றுதான் கேட்பார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த ஒன்று சேனலுக்குச் சேனல் வேறு. வரைந்தவரே அதைத் தவறாக நினைத்துக்கொண்டிருப்பதும் உண்டு.

எம்டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் அது ஒளிபரப்பைத் தொடங்கியபோது, மேன்ஹாட்டன் டிசைன் என்ற சிறு ஸ்டூடியோவைச் சேர்ந்த பேட் கோர்மன், ஃபிராங்க் ஒலின்ஸ்கி, பேட்டி ரோகாஃப் மூவரும் கொடுத்த லோகோவுக்கு நிலையான நிறமே கிடையாது. கனமான ஒரு எம், அதன் மேல் சுவரில் கிறுக்கியது போல டிவி என்ற எழுத்துகள். அவ்வளவுதான். அந்த எம் இன்றைக்குச் செங்கல்லாக இருக்கும், நாளைக்கு வரிக்குதிரைத் தோலாகும், இன்னொரு நாள் உருகி வழியும். நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ நிறம் என்ன என்பதே முதல் கேள்வியாக இருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல். 2010-இல் கீழே இருந்த 'மியூசிக் டெலிவிஷன்' என்ற வரியையும் எம்மின் அடிப்பகுதியையும் வெட்டிவிட்டார்கள். அப்போதும் அடையாளம் குலையவில்லை. ஏனென்றால் எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பருமனான உருவத்தை.

குழந்தைகள் சேனலான நிக்கலோடியன் இதற்கு நேர் எதிர். 1984-இல் டாம் கோரியும் ஸ்காட் நாஷும் செய்த வடிவமைப்பில் உருவம் கண்டபடி மாறும். மைச்சிதறல், காலணி, மீன், மேகம், எதுவாக வேண்டுமானாலும். மாறாமல் இருந்தது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறமும் உள்ளே இருந்த குண்டு எழுத்தும்தான். 2009-இல் சிதறலை எடுத்துவிட்டு, எல்லாத் துணைச் சேனல்களுக்கும் பொருந்தும்படி வெறும் எழுத்தாக ஒழுங்குபடுத்தினார்கள். நிறம் இருந்ததால் சேனல் தெரிந்தது. ஆனால் ஒழுங்கு வந்த அளவுக்குக் குறும்பு போய்விட்டது. 2023-இல் சிதறல் திரும்பி வந்தது. என் கணக்கில் 2009 மாற்றத்தைத் தோல்வி என்று சொல்ல முடியாது. அலுவலகத்துக்கு வசதியான ஒரு மாற்றம், அவ்வளவே. குழந்தைகளுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் தவறு புரியும். நீங்கள் ஒவ்வொரு லோகோவிலும் வடிவம், நிறம், எழுத்து என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாணவர் வேலைகளில் இது அதிகம். எதையும் முழுதாகக் காப்பாற்றவில்லை, எதையும் முழுதாக மாற்றவுமில்லை. அதைவிட, ஒன்றைத் துளிகூடத் தொடாமல் வைத்துக்கொண்டு மற்றதை முரட்டுத்தனமாக மாற்றினால் அடையாளம் நன்றாகவே நிற்கும்.

சரி, தொடக் கூடாததைத் தொட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் என்பிசி கதைதான் இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது. அதன் லோகோவான மயில் 1956-இல் பிறந்தது. ஜான் கிரஹாம் வரைந்தார். பதினொரு இறகு, ஒவ்வொன்றிலும் வண்ணம். என்பிசியின் தாய் நிறுவனமான ஆர்சிஏ கலர் டிவி விற்றுக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருப்பவரிடம், "இந்த நிகழ்ச்சி வண்ணத்தில் வருகிறது, உன் வீட்டில்தான் தெரியவில்லை" என்று குத்திக்காட்டுவதுதான் மயிலின் வேலை. எழுபதுகளில் எல்லாமே கலராகிவிட, மயில் பழசு என்று நிர்வாகம் முடிவு செய்தது. பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்றிடம் வேலை போனது. 1976 ஜனவரியில் சிவப்பும் நீலமுமான இரண்டு சரிவகங்களைச் சேர்த்து ஒரு 'என்' (N) எழுத்து வந்தது. செலவு பத்து லட்சம் டாலர் வரை என்று பத்திரிகைகள் எழுதின. வந்த சில நாளிலேயே, நெப்ராஸ்கா மாநிலக் கல்வித் தொலைக்காட்சி கிட்டத்தட்ட அதே 'என்' எழுத்தை ஏற்கெனவே சிவப்பு நிறத்தில் பயன்படுத்திக்கொண்டிருப்பது தெரியவந்தது. அவர்களுக்கு ஆன செலவு 100 டாலருக்கும் குறைவு என்பார்கள். வழக்கு வந்தது. 8 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒளிபரப்புக் கருவிகளையும், புது லோகோ செய்துகொள்ள 55 ஆயிரம் டாலரையும் கொடுத்து என்பிசி சமரசம் செய்துகொண்டது.

காசு போன கதையைத்தான் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்த 'என்' எழுத்து மோசமான வடிவமைப்பே இல்லை. சுத்தமானது, தூரத்தில் தெரியக்கூடியது. ஆனால் அது நெப்ராஸ்காவுக்கும் பொருந்தியது, என்பிசிக்கும் பொருந்தியது, 'என்' எழுத்தில் தொடங்கும் எந்த வங்கிக்கும் பொருந்தியிருக்கும். 1979-இல் மயிலைக் கூட்டிவந்து அதே 'என்' எழுத்தின் மேல் உட்காரவைத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறைத்தன. 1986-இல்தான் செர்மயேஃப் அண்ட் கைஸ்மர் நிறுவனத்தின் ஸ்டெஃப் கைஸ்பூலர் சரியாகச் செய்தார். பதினொரு இறகு ஆறானது. மயிலின் உடலை வரையவே இல்லை, இறகுகளுக்கு நடுவே விட்ட வெள்ளை இடமே உடல். தலை வலப்பக்கம் திரும்பியது. பழைய மயிலையும் புது மயிலையும் மேலே மேலே வைத்துப் பார்த்தால் ஒரு கோடுகூட ஒத்துப்போகாது. ஆனாலும் பார்த்த எவரும் "அட, மயில் வந்துவிட்டது" என்றுதான் சொல்லியிருப்பார்கள். மறுவடிவமைப்புக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டு என்றால் நான் காட்டுவது இதை.

பிரிட்டனின் சேனல் 4-உம் இப்படித் தட்டுத் தடுமாறி வீட்டுக்குத் திரும்பியதுதான். 1982 நவம்பர் 2-ஆம் தேதி தொடங்கியபோது மார்ட்டின் லாம்பி-நேர்னும் காலின் ராபின்சனும் ஒன்பது வண்ணக் கட்டைகளால் ஒரு 4 செய்தார்கள். கட்டைகள் காற்றில் பறந்து வந்து ஒன்றுசேரும். அந்தக் கம்ப்யூட்டர் அனிமேஷனைச் செய்ய அன்று பிரிட்டனில் வசதி போதாமல் லாஸ் ஏஞ்சலஸ் போக வேண்டியிருந்தது. கூடவே டேவிட் டண்டாஸ் போட்ட நான்கு ஸ்வரங்கள். 1996-இல் இதையெல்லாம் ஓரங்கட்டி நான்கு வட்டங்களைக் கொண்டுவந்தார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை. 1999-இல் வட்டம் போய்க் கட்டை 4 திரும்பியது. ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது 2004 கடைசியில் வந்த வடிவத்தை. அதில் பறக்கும் கட்டைகளே கிடையாது. கேமரா ஒரு குடியிருப்பு வழியாகவோ மின்கோபுரங்களுக்கு இடையிலோ நகர்ந்துகொண்டே போகும். எங்கோ ஒரு கோணத்தில், ஒரு நொடி மட்டும், அங்கங்கே சிதறிக் கிடந்த பொருட்கள் சேர்ந்து 4 ஆகத் தெரியும். அடுத்த நொடி கலைந்துவிடும். வண்ணம் இல்லை, பளபளப்பு இல்லை. இருந்தும் சந்தேகமே வராது. சேனல் 4-இல் மக்கள் பிடித்துக்கொண்டிருந்தது '4' என்ற எண்ணைக்கூட இல்லை, துண்டுகள் ஒன்றுசேரும் அந்தக் கணத்தை. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

லாம்பி-நேர்னின் இன்னொரு வேலை பிபிசி 2. அவர் 1991-இல் செய்தது: எண் 2 நடுவில் நிற்கும்; அதன் மேல் பெயின்ட் கொட்டும், இல்லையென்றால் பட்டுத்துணி விழும், இல்லையென்றால் அதுவே தகடாகித் தரையில் குத்தி நிற்கும். அதற்கு முன் அந்தச் சேனல் சலிப்பானது, மேட்டிமைத்தனமானது என்று பார்வையாளர்கள் கருத்துக்கணிப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சிகள் பெரிதாக மாறாமலே அந்தக் கருத்து மாறியது. லோகோவால் இவ்வளவு முடியுமா என்று கேட்டால், தினமும் பல தடவை வீட்டுக்குள் வரும் லோகோவால் முடியும்.

அந்த 'தினமும் பல தடவை' என்பதில்தான் சேனல் லோகோ மற்றவற்றிலிருந்து பிரிகிறது. சோப்பு உறையை நாம் கடையில் ஒரு நொடி பார்க்கிறோம். டிவி மூலையில் இருக்கும் லோகோ, இரவு சீரியல் முழுக்க, படம் முழுக்க, விளம்பர இடைவேளை தவிர மற்ற நேரமெல்லாம் அங்கேயே இருக்கிறது. யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. அப்படியே பார்வையில் ஊறிவிடுகிறது. அதனால்தான் சுமாரான லோகோவும் இருபது வருடம் ஓடினால் பலமாகிவிடுகிறது. சிஎன்என் 1980-இல் தொடங்கியபோது வைத்த எழுத்து, கேபிள் போல ஊடே ஓடும் கோட்டுடன், இன்னும் அப்படியே இருக்கிறது. ஓவியமாகப் பார்த்தால் அதில் பெரிய அழகு எதுவும் இல்லை.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. லோகோவை முதலில் அலுத்துக்கொள்பவர்கள் சேனலுக்குள் இருப்பவர்கள். அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலின் கண் வடிவ லோகோ 1951-இல் வந்தது. வில்லியம் கோல்டன் வடிவமைத்தார். அடுத்த வருடமே அவர் வேறொன்றைத் தயாரித்துக்கொண்டு போய் நின்றார். தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் மறுத்துவிட்டார். செய்தவருக்கு அலுக்கத் தொடங்கும் நேரத்தில்தான் பார்ப்பவருக்குக் கண்ணில் படத் தொடங்குகிறது என்பது அவர் வாதம். எழுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கண் மூடவில்லை. புது அதிகாரி பொறுப்பேற்றால் புது லோகோ என்பது எல்லா ஊர் வழக்கம். உங்களிடம் யாராவது "ஃப்ரெஷ்ஷாக இருக்கணும்" என்று மட்டும் சொல்லி வேலை கொடுத்தால், யாருக்கு அலுத்துவிட்டது என்று முதலில் கேளுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தூர்தர்ஷன் லோகோவைச் செய்தவர் தேவாஷிஸ் பட்டாச்சார்யா, அப்போது அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவர். வட்டத்தைச் சுற்றி இரண்டு வளைவுகள். கண் என்றும் பார்க்கலாம், ஒன்றையொன்று துரத்தும் இரண்டு வடிவம் என்றும் பார்க்கலாம். வந்த வடிவங்களில் இதைத் தேர்ந்தெடுத்தவர் இந்திரா காந்தி. 1976 ஏப்ரல் 1-ஆம் தேதி அகில இந்திய வானொலியிலிருந்து தூர்தர்ஷன் தனியே பிரிந்தபோது இது திரைக்கு வந்தது. பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது ஹுசைன் கானும் சேர்ந்து அமைத்த ஷெனாய் இசை கூடவே வந்தது.

எண்பதுகளில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அடுத்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்த யாரையாவது கூப்பிட்டு, தூர்தர்ஷன் லோகோ என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள். யோசிப்பார்கள். பலர் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி, நிறம் எங்கே ஞாபகம் இருக்கும்! வரையச் சொன்னால் ஏதோ சுழியைப் போடுவார்கள். ஆனால் அது எப்படி வரும் என்று கேட்டால் கையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டே ராகத்தை முனகுவார்கள். சுழன்று வந்து வட்டத்தைச் சுற்றி அடங்கும் அசைவும், அந்த ஷெனாயும்தான் தூர்தர்ஷன். நிறத்தையோ எழுத்தையோ காலத்துக்கேற்ப மாற்றினால் இவர்கள் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

2017-இல் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி, இளைஞர்களை ஈர்க்க வேண்டும் என்று சொல்லி, புது லோகோவுக்குப் போட்டி அறிவித்தது. பரிசு ஒரு லட்சம் ரூபாய். பத்தாயிரத்துக்கும் மேல் வடிவங்கள் வந்து குவிந்தன. கடைசியில் திரையில் பழைய வளைவுகளே தங்கிவிட்டன. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இளைஞர்கள் தூர்தர்ஷன் பக்கம் வராததற்குக் காரணம் அந்த வளைவுகள் என்று யார் சொன்னது?

நிறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்றேனே, அதற்கு ஒரு திருத்தமும் உண்டு. 2024 ஏப்ரலில் டிடி நியூஸ் லோகோ சிவப்பிலிருந்து காவிச் சாயல் ஆரஞ்சுக்கு மாறியது. மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரம். அழகுக்காகச் செய்ததுதான் என்றது பிரசார் பாரதி. தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் உட்படப் பலர் கண்டித்தார்கள். சேனலை அடையாளம் காண அந்த நிறம் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். ஆனால் நிறத்துக்கு ஊரில் வேறு வேலை இருக்கிறது. நம் நாட்டில் சிவப்பு, கறுப்பு, பச்சை, மஞ்சள், காவி எதுவுமே வெறும் நிறம் இல்லை. தமிழ்நாட்டில் சேனல் லோகோ செய்பவர் நிறப்பட்டையோடு கட்சிக் கொடிகளையும் எதிரில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அப்புறம், திரை என்ற ஊடகத்தின் தொல்லைகள். இதைக் கல்லூரியில் சொல்லித்தருவது குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் லோகோவை வெள்ளைப் பின்னணியில், திரை முழுக்கப் பெரிதாக வைத்து வரைகிறீர்கள். அது வாழப்போவது ஓடும் படத்தின் மூலையில், கைப்பேசியில் பார்த்தால் நகத்தளவில். பின்னணி என்னவாக இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. லேசான வெள்ளையில் மெல்லிய லோகோ வைத்தீர்களானால், வெள்ளை வேட்டி சட்டைகள் நிறைந்த அரசியல் மேடையைக் காட்டும்போது காணாமல் போய்விடும். அதற்காகத் தடித்த நிழல் போட்டால் இருட்டுக் காட்சியில் அசிங்கமாகத் தெரியும். உருவத்துக்குள்ளேயே வெளிச்சமான பகுதியும் இருண்ட பகுதியும் இருக்கும்படி செய்வதே நல்ல வழி. எந்தப் பின்னணியிலும் பாதியாவது தப்பித்துவிடும்.

மெல்லிய படுக்கைக் கோடுகளைத் தவிர்த்துவிடுங்கள். பழைய ஒளிபரப்பு முறையில் ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வருவதால் அவை துடிக்கும். சாய்வுக் கோடுகள் படிக்கட்டு போலத் தெரியும். பிபிசியின் சாய்ந்த மூன்று கட்டங்களை 1997-இல் லாம்பி-நேர்ன் நிமிர்த்தியதற்கு இதுவும் ஒரு காரணம். கீழே இருந்த மூன்று வண்ணக் கோடுகள் அச்சுச் செலவை ஏற்றிக்கொண்டிருந்தது இன்னொன்று. இதே லோகோவை 2021-இல் எழுத்துருவை மாற்றிக் கட்டங்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டி வெளியிட்டபோது, "என்ன வித்தியாசம்?" என்று ஊரே கிண்டல் செய்தது. செய்தவர்கள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்துசேரும் டிஜிட்டல் படத்தில் வெளிச்ச விவரம் முழுதாக இருக்கும். நிற விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கும். கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து கசிந்தாற்போலத் தெரிவது அதனால்தான். ஆகவே லோகோவைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதில் உருவம் பிரிந்து தெரியாவிட்டால் நிறம் வந்து காப்பாற்றாது. நிறச்சரிவுகளும் வேண்டாம், கேபிளில் அழுத்தி அனுப்பும்போது பட்டை பட்டையாக உடையும். முப்பரிமாணத் தங்க லோகோக்களின் காலம் முடிந்ததற்கு ரசனை மாற்றம் மட்டும் காரணம் இல்லை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு இடம் உண்டு: பிரஸ் மீட். தலைவர் வாய்க்கு முன்னால் இருபது மைக், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சதுரக் கட்டை. அந்தக் காட்சி எல்லாச் சேனலிலும் போகிறது. அதாவது போட்டிச் சேனலின் திரையில் உங்கள் லோகோ இலவசமாக ஓடுகிறது. நெரிசலில் பாதி மறைந்து, சாய்ந்து, சில செ.மீ. அளவில் தெரியும்போதும் கண்டுபிடிக்க முடிகிறதா? நீளமான பெயரைச் சின்ன எழுத்தில் நிரப்பியவர்கள் அங்கே தோற்றுவிடுகிறார்கள். இந்த ஒரு பரீட்சையில் தேறும் லோகோ கைப்பேசி ஐகானாகவும் தேறும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 2001-இல் ஸ்டார் குழுமம் வாங்கியபின் விஜய் டிவி, ஸ்டார் விஜய் ஆனது. இத்தனை வருடம் கழித்தும் வீடுகளில் அது 'விஜய் டிவி'தான். லோகோவில் நீங்கள் எதைப் பெரிதாக எழுதினாலும் ஜனங்கள் கூப்பிடும் பெயர் அவர்கள் இஷ்டம். எனவே பெயரில் சொற்கள் வரும் வரிசையைப் பார்க்காமல், வாயில் வரும் பெயர் கண்ணில் முதலில் படும்படி அமையுங்கள்.

இனி உங்கள் ப்ராஜெக்டுக்கு. எல்லாச் சேனல்களையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள். என்னைக் கேட்டால் டிடி தமிழ். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னை தூர்தர்ஷனாகத் தொடங்கி, பொதிகையாகி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன சேனல். பெயர் மாறிக்கொண்டே இருந்ததால், எது நிலைத்திருக்கிறது என்ற கேள்வி அதில் கூர்மையாக இருக்கிறது. வரைவதற்கு முன் வெவ்வேறு வயதுக்காரர்கள் இருபது முப்பது பேரிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, பழைய தூர்தர்ஷன் லோகோவை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்லுங்கள். பார்த்து வரையக் கூடாது. அசைவையும் இசையையும் தனியே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லோர் தாளிலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதைத் தொடாதீர்கள். யார் தாளிலும் வராதது உங்களுக்குச் சொந்தம். இளையவர்கள் தாள் காலியாக வந்தால் அதுவும் ஒரு விடைதான்; அவர்களுக்காகப் பழையதைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை என்று வாதாட அது உதவும்.

தேர்வாளர்களிடம் அச்சடித்த போர்டு காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு பழைய பாடல் காட்சி, ஒரு பொதுக்கூட்டம், ஒரு கிரிக்கெட் மைதானம் மூன்றின் மேலும் மூலையில் லோகோவைப் பதித்து, ஐந்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு அவர்கள் கையில் வெள்ளைத்தாளைக் கொடுங்கள்.